தேய்க்கும் கையும் தேயும் தோலும்: உடல் ஸ்கரப் வழிகாட்டி

மார்கழிக் காலையில் கால் தோலில் நகத்தால் கோடு இழுத்து, தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிப் பார்க்காத பிள்ளைகள் தமிழ்நாட்டில் குறைவு. சாம்பல் பூத்தது போலிருக்கும் காலில் அந்த வெள்ளை எழுத்து பளிச்சென்று விழும். அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டால் அடுத்த நிமிடம் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் வந்து நிற்கும். எண்ணெய் பட்டதும் எழுத்தும் மறையும், சாம்பலும் மறையும்.

உடல் ஸ்கரப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. வெள்ளையாகத் தெரிந்தது அழுக்கல்ல. உதிர வேண்டிய நேரம் வந்தும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்த தோல் செதில்கள். அவற்றின் இடுக்குகளில் காற்று புகுந்து வெளிச்சத்தைச் சிதறடித்ததால் வெண்மை தெரிந்தது. எண்ணெய் இடுக்கை நிரப்பியதும் வெண்மை போயிற்று. செதில்கள் அங்கேயேதான் இருந்தன.

உதிரத் தயாராக இருக்கும் அந்தச் செதில்களைச் சற்று முன்கூட்டியே உதிர்த்துவிடுவது மட்டும்தான் ஸ்கரப்பின் வேலை. நிறம் வெளுக்க வேண்டும், கழுத்துக் கருமை கரைய வேண்டும், தேமல் போக வேண்டும் என்று அதன் தலையில் வேறு வேலைகளை ஏற்றும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

ஒரு தாளின் கனம்

சாதாரண ஏ4 தாள் ஒன்றின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். கை, கால், முதுகு போன்ற இடங்களில் மேல்தோல் முழுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் தாள் கனத்துக்குள்ளும் உயிரற்ற செல்கள் அடுக்கப்பட்ட வெளிப்பகுதி ஐந்தில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான். 15 முதல் 20 வரிசை செல்கள், செங்கல் சுவர்போல ஒன்றன்மேல் ஒன்றாக. செங்கற்களுக்கு இடையே சாந்து பூசியதுபோல் கொழுப்பு. நீர் வெளியேறாமலும் கிருமி உள்ளே நுழையாமலும் காப்பது இந்தச் சுவர்தான்.

சுவரின் அடியில் புதிய செல்கள் பிறந்து, மேலே ஏறி, கடைசியில் உதிரும். இந்தப் பயணத்துக்கு இளம் வயதில் சுமார் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வயது ஏற ஏறக் கூடுதலாகும். மேல் வரிசைக்கு வந்த செல்களைப் பிணைக்கும் முடிச்சுகளைத் தோலிலேயே இருக்கும் நொதிகள் அறுத்துவிடுகின்றன. அந்த நொதிகள் வேலை செய்ய ஈரம் வேண்டும். ஈரம் குறைந்தால் முடிச்சு அறுபடாது. செதில்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பனிக்காலத்தில் கால் வெளுப்பது இதனால்தான். வறண்ட தோலுக்கு முதலில் ஸ்கரப்பைவிட எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தேவைப்படுவதும் இதனால்தான்.

நிறம் தரும் மெலனினை உருவாக்கும் செல்கள் இருப்பதோ மேல்தோலின் அடித்தட்டில். அவ்வளவு ஆழத்துக்கு எந்த ஸ்கரப்பும் எட்டாது. எட்டினால் ரத்தம் வரும். ஸ்கரப் போட்ட அன்று தோல் சற்றுப் பளிச்சென்று தெரிவது உண்மை. செதில் நீங்கிய பரப்பு சமமாகி வெளிச்சத்தைச் சீராகத் திருப்புவதால் வரும் பளபளப்பு அது. நிறம் மாறியதாகச் சொல்லும் விளம்பரம் இந்தப் பளபளப்பைத்தான் விற்கிறது.

உருண்டு வருவது எல்லாம் அழுக்கல்ல

பயத்தம் மாவு தேய்த்துக் குளிக்கும்போது சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டு வரும். ‘எவ்வளவு அழுக்குப் பார்’ என்று வீட்டில் காட்டுவார்கள். அதில் பெரும்பகுதி மாவே; உடன் எண்ணெய், வியர்வை, கொஞ்சம் செதில். கடையில் விற்கும் சில ‘பீலிங் ஜெல்’களிலும் இதே கதைதான். தோலில் தேய்த்தால் ரப்பர் துகள்போல உருளுபவற்றில் பெரும்பங்கு ஜெல்லில் உள்ள பொருளே கட்டியாவது. கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தாலும் உருளும்.

தென்கொரியப் பொதுக் குளியலறைகளில் இதற்கென்றே ஒரு துணி உண்டு. 1960-களில் பூசான் நகரத்தில், இத்தாலியிலிருந்து வந்த விஸ்கோஸ் துணியில் கையுறைபோல் தைக்கப்பட்டதால் ‘இத்தாலி டவல்’ என்று பெயர். வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் ஊறிய பிறகே அதைக் கையில் மாட்டுவார்கள். துருக்கிய ஹமாமில் ‘கெசே’ கையுறைக்கு முன்பு நீராவி அறை. இரண்டு ஊரிலும் ஊறவைத்த பிறகே தேய்ப்பு. நம் ஊரில் இரண்டு சொம்பு தண்ணீரை ஊற்றிய கையோடு நாரை எடுக்கும் பழக்கத்தில் விடுபட்டுப்போனது அந்த ஊறல்தான்.

ஒரே உடம்பில் பல தோல்

‘என் தோல் எண்ணெய்த் தோல்’ என்று சொல்பவர் பெரும்பாலும் தன் முகத்தை நினைத்துச் சொல்கிறார். உடம்பில் கதை வேறு. எண்ணெய்ச் சுரப்பிகள் மேல்முதுகிலும் மார்பிலும் நெருக்கமாக இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே மிகக் குறைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அறவே இல்லை. முதுகில் பருவும் காலில் செதிலும் ஒரே ஆளுக்கு இருப்பது இயல்பு. அதனால் வகையை உடம்புக்கு மொத்தமாக முடிவு செய்யாமல் இடத்துக்கு இடம் பார்ப்பது நல்லது.

பார்ப்பதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. விடுமுறை நாளில் மிதமான சோப்பில் குளித்துவிட்டு, எதுவும் தடவாமல் அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

காலில் நகத்தால் மெல்லக் கோடு இழுத்தால் வெள்ளையாக நிற்கிறதா, தோல் இழுத்துப் பிடிக்கிறதா? அது வறண்ட பகுதி. மேல்முதுகில் மெல்லிய டிஷ்யூத் தாளை ஒற்றி எடுத்தால் எண்ணெய்ப் புள்ளி படிகிறதா? அது எண்ணெய்ப் பகுதி. இரண்டும் இல்லையென்றால் சாதாரணம். புதுச் சோப்பு, வாசனைத் திரவியம், கம்பளி எது பட்டாலும் அரிப்போ எரிச்சலோ வருகிற பழக்கம் இருந்தால், எந்த வகையானாலும் அதைக் கூருணர்வுத் தோலாகவே நடத்த வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் குளிப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்கலாம். கடின நீரில் சோப்பு நுரைக்காது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து படலமாகத் தோலிலேயே தங்கும். அந்த இழுப்பைச் செதில் என்று எண்ணித் தேய்த்தால் வறட்சி கூடும். கடைசி இரண்டு சொம்பு நல்ல நீராக ஊற்றிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஜாடியில் என்ன இருக்கிறது

கடை அலமாரியில் இருக்கும் ஸ்கரப்புகள் இரண்டே குடும்பம். ஒன்று துகளால் உரசுவது. மற்றது அமிலத்தால் முடிச்சை அவிழ்ப்பது.

உரசும் குடும்பத்தில் சாதுவானது சர்க்கரை. தண்ணீர் பட்டதும் ஓரங்கள் கரைந்து மழுங்கும்; அதிகம் தேய்த்தால் தானே காணாமல் போகும். கல் உப்பு அப்படியல்ல. கூரான படிகம், வெடிப்பிலும் சவரக் கீறலிலும் பட்டால் தீப்பிடித்த மாதிரி எரியும். உப்பு ஸ்கரப் குதிகால், முழங்கை போன்ற தடித்த இடங்களோடு நிற்பது நல்லது. டிக்காஷன் இறக்கிய காபிச் சக்கை நன்றாகவே உரசும். ஆனால் கொழுப்பைக் கரைக்கும், தொடையை இறுக்கும் என்ற பேச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. உறுதியாக நடப்பது ஒன்றுதான்: குளியலறைக் குழாய் அடைப்பு. வடிகட்டி வைக்காமல் காபிச் சக்கையைக் கொட்டக் கூடாது.

வால்நட் ஓட்டுத் தூள் பற்றி அமெரிக்காவில் ஒரு வழக்கே நடந்தது. செயின்ட் ஐவ்ஸ் ஸ்கரப்பில் உள்ள வால்நட் ஓடு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது என்று 2016-இல் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார்கள். அந்தக் கீறல்கள் தீங்கு விளைவித்ததை நிரூபிக்க முடியாததால் 2018-இல் வழக்கு தோற்றது. தோற்றாலும் ஒரு நல்ல கேள்வியை அது மக்கள் வாயில் போட்டுவிட்டுப் போனது: துகளின் ஓரம் உருண்டையா, கூரா? வாங்கும் முன் சிறிது எடுத்துப் புறங்கையில் தேய்த்தால் விரலே பதில் சொல்லிவிடும்.

ஒருகாலத்தில் ஓரம் கச்சிதமாக உருண்டையாக இருந்தவை பிளாஸ்டிக் நுண்மணிகள். தோலுக்கு இதமாகவும் கடலுக்குக் கேடாகவும் இருந்தன. சுத்திகரிப்பு நிலையங்களில் முழுதாகச் சிக்காமல் ஆற்றுக்கும் கடலுக்கும் போய் மீன் வயிற்றில் சேர்ந்தன. 2015 டிசம்பரில் அமெரிக்கா அவற்றைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2017-இல், அழகுப் பொருள்களுக்குத் தகாதவற்றின் பட்டியலில் அவற்றைச் சேர்த்தது. பழைய சரக்கிலோ வெளிநாட்டிலிருந்து வந்த பொட்டலத்திலோ ‘பாலிஎத்திலீன்’ என்ற சொல் கண்ணில் பட்டால் வைத்துவிடலாம்.

அமிலக் குடும்பத்தில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். லாக்டிக் அமிலம் செதிலை அவிழ்ப்பதோடு ஈரத்தையும் பிடித்து வைக்கும். வறண்ட தோலுக்கு ஏற்றது. கிளைகாலிக் அமிலம் அதைவிட வேகமானது. வீட்டில் பயன்படுத்துவது 10 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் துளைகளுக்குள் இறங்கும்; பரு வரும் முதுகுக்கு 2 சதவீதம் வரை. முதல் இரண்டையும் பயன்படுத்தும் நாள்களில் தோல் வெயிலுக்கு எளிதில் கருகும். வெளியே தெரியும் கை, கழுத்து, காலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் அவற்றைத் தொடக் கூடாது. நிறுத்திய பிறகும் ஒரு வாரத்துக்கு அதே கவனம் வேண்டும்.

லேபிளில் சேர்மானங்கள் அளவு இறங்கும் வரிசையில் அச்சாகியிருக்கும். ‘பாதாம் ஸ்கரப்’ என்று முகப்பில் படம் போட்டுவிட்டுப் பாதாமைப் பட்டியலின் கடைசியில் வைத்திருந்தால், பாதாமுக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. திறந்த மூடிப் படத்துக்குள் 6 அல்லது 12 என்ற எண் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று பொருள். ஈரக் கையை உள்ளே விடும் அகல ஜாடியைவிட டியூப் சுத்தமானது.

நலங்கு மாவு: மில்லில் தொடங்கும் கவனம்

பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கிச்சிலிக் கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, பன்னீர் ரோஜா இதழ். நாட்டு மருந்துக் கடையில் ‘நலங்கு மாவுச் சாமான்’ என்று கேட்டால் ஏறக்குறைய இந்தப் பட்டியலே பொட்டலமாக வரும். வீட்டுக்கு வீடு அளவு மாறும். பயறு பாதியும் மற்றவை எல்லாம் சேர்ந்து பாதியும் என்பது பொதுவான கணக்கு.

பயற்றில் இயற்கையாக உள்ள சபோனின் லேசாக அழுக்கை இளக்கும், மாவுச்சத்து எண்ணெயை உறிஞ்சும், துகள் உரசும். சோப்பின் காரத்தன்மை பிஎச் அளவில் 9 முதல் 10 வரை இருக்க, தோல் 5-ஐ ஒட்டியே இருக்க விரும்புகிறது. மாவு அந்தச் சமநிலையை அவ்வளவாகக் கலைப்பதில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பயத்தம் மாவு வைத்து எண்ணெய் எடுத்தால் அதுவே அந்த வாரத்து ஸ்கரப். தனியாக இன்னொன்று வேண்டாம்.

தவறுகள் பெரும்பாலும் அரைக்கும் இடத்தில் நடக்கின்றன. மாவு மில்லில் முந்தைய ஆள் மிளகாய் அரைத்துவிட்டுப் போன இயந்திரத்தில் நலங்கு மாவை அரைத்தால் அன்றைய குளியல் மறக்க முடியாததாக இருக்கும். சீயக்காய் அரைக்கத் தனி இயந்திரம் இருக்கிறதா என்று கேட்டுக் கொடுப்பது நல்லது. வெட்டிவேர் போன்ற நார்ச் சாமான்கள் எவ்வளவு அரைத்தாலும் சிலாம்பாக நிற்கும். சித்த மருந்து செய்பவர்கள் சூரணத்தை மெல்லிய துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்பார்கள். நலங்கு மாவுக்கும் அந்தச் சலிப்பு அவசியம். சல்லடையில் சலித்தது குதிகாலுக்கு, துணியில் சலித்தது உடம்புக்கு என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம்.

பட்டியலில் கார்போக அரிசி இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். அதில் சோராலென் என்ற பொருள் உண்டு. வெளிச்சத்தோடு சேர்ந்தால் தோலைச் சுடும் குணம் அதற்கு. வெண்புள்ளி நோய்க்கு மருத்துவர்கள் சோராலென் கொடுத்து, அளந்து புறஊதா ஒளி காட்டுவது இந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான். குளித்துவிட்டு அப்படியே வெயிலில் இறங்குபவருக்கு அளப்பவர் யாரும் இல்லை. சிவப்போ கொப்புளமோ வந்து, பிறகு கருந்தழும்பாக நிற்கலாம். அன்றாடக் குளியல் மாவில் அதை விட்டுவிடலாம்.

எலுமிச்சையும் அப்படித்தான். சாற்றின் பிஎச் சுமார் 2. முழங்கைக் கருமைக்கு எலுமிச்சை மூடியில் சர்க்கரை தொட்டுத் தேய்க்கும் குறிப்பு வாரம் ஒரு முறையாவது எங்காவது வந்துகொண்டிருக்கிறது. எரிச்சலும், வெயில் பட்டால் திட்டுத் திட்டான கருப்பும்தான் மிஞ்சும்.

எந்தத் தோலுக்கு எது, எத்தனை நாளுக்கு

*வறண்ட தோல்.* பொடித்த சர்க்கரை நான்கு ஸ்பூன், நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் இரண்டு ஸ்பூன். பத்து நாளுக்கு ஒரு முறை போதும். மற்ற நாள்களில் குளித்த ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். செதில் அதிகமென்றால் உரசுவதை நிறுத்திவிட்டு, 10 சதவீத யூரியா கலந்த கிரீமை இரவில் தடவினால் அதுவே மெல்லக் கழற்றிவிடும். எண்ணெய் ஸ்கரப் டைல்ஸ் தரையைக் கண்ணாடிபோல வழுக்கவைக்கும். வயதானவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து தேய்த்து, எழுவதற்கு முன் தரையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

*எண்ணெய்ப் பகுதி.* மேல்முதுகுக்கும் மார்புக்கும் வாரம் இரண்டு முறை, பயத்தம் மாவு இரண்டு ஸ்பூனைப் பன்னீரில் குழைத்துப் பயன்படுத்தலாம். பரு இருந்தால் மாவும் வேண்டாம், நாரும் வேண்டாம். சாலிசிலிக் அமிலம் உள்ள பாடி வாஷைப் பூசி இரண்டு நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். சீழ் கட்டிய பருவை உரசினால் உடைந்து பக்கத்துக்கும் பரவும். வியர்வைக் காலத்தில் முதுகில் ஒரே அளவில், அரிப்போடு, கூட்டமாக வரும் பொரிகள் பெரும்பாலும் பூஞ்சையால் வருபவை. அவற்றுக்கு எந்த ஸ்கரப்பும் மருந்தல்ல. பூஞ்சை எதிர்ப்பு மருந்து வேண்டும்.

*சாதாரணத் தோல்.* வாரம் ஒரு முறை, சர்க்கரையோ நலங்கு மாவோ எதுவானாலும் சரி. கூடுதலாகச் செய்வதால் கூடுதல் பலன் இல்லை.

*கூருணர்வுத் தோல்.* பொடித்த ஓட்ஸை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அந்தக் கூழைத் தேய்க்காமல் பூசிக் கழுவலாம். மிக நுண்ணியதாக அரைத்த ஓட்ஸைத் தோல் காப்புப் பொருளாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003-இல் ஏற்றுக்கொண்டது. புதிதாக எதையும் முன்கையின் உட்புறத்தில் ஐந்து நிமிடம் பூசிக் கழுவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் உடம்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெடித்த, புண்ணான தோலில் உணவு மாவுகளைத் தேய்ப்பது இன்னொரு வகையிலும் ஆபத்து. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை உண்டாயிற்று. சோப்பு வழியாகத் தோலில் அறிமுகமான புரதத்தை உடம்பு பகையாக எடுத்துக்கொண்டு, ரொட்டி தின்னும்போது கிளர்ந்தெழுந்தது. அந்தச் சோப்பில் இருந்தது தொழிற்சாலையில் சிதைத்த புரதம், சமையலறை மாவல்ல. ஆனாலும் எக்சிமா உள்ள குழந்தைக்கு வேர்க்கடலை, பாதாம், கோதுமை மாவுகளைத் தேய்க்காமல் இருக்க இது போதிய காரணம்.

*கோழித்தோல்.* மேல்கையின் வெளிப்புறத்திலும் தொடையிலும் இறகு பிடுங்கிய கோழிபோலச் சொரசொரவென்று இருக்கும் சிறு பொரிகள் கெரடோசிஸ் பிலாரிஸ். மயிர்த்துளையில் கெரட்டின் அடைத்துக்கொள்வதால் வருபவை. குடும்பத்தில் ஓடும், கெடுதல் இல்லை. உரசினால் சிவந்து, கருப்புப் புள்ளியாக மாறும். லாக்டிக் அமிலமோ யூரியாவோ கலந்த லோஷனைத் தினமும் தடவினால் இரண்டு மாதத்தில் மிருதுவாகும், நிறுத்தினால் திரும்பும்.

*குதிகால்.* உள்ளங்கால் தோல் மட்டும் வேறு கணக்கு. அங்கே உயிரற்ற அடுக்கே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தடிக்கும். கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, படிக்கல்லால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, 20 சதவீத யூரியா கிரீம் தடவிக் காலுறை போட்டுத் தூங்கினால் பித்தவெடிப்பு இரண்டு மூன்று வாரத்தில் மூடும். சர்க்கரை நோயாளிகள் கல்லைத் தொடவே கூடாது. கால் மரத்திருந்தால் காயம் பட்டதே தெரியாது.

அழுத்தம் எவ்வளவு

முதலில் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் தோல் ஊற வேண்டும். ஸ்கரப்பை விரல் நுனியில் எடுத்துச் சிறு வட்டங்களாக ஓர் இடத்துக்கு அரை நிமிடம் தேய்த்தால் போதும். கண்ணாடி துடைக்கும் அழுத்தம் சரி. பாத்திரம் துலக்கும் அழுத்தம் தவறு. பிறகு நன்றாகக் கழுவி, துண்டால் ஒற்றி, மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர்.

இரவுக் குளியலே இதற்குப் பொருத்தம். புதிதாக வெளிவந்த தோல் உடனே வெயிலைச் சந்திக்க வேண்டியதில்லை. சவரமோ வாக்ஸிங்கோ செய்வதாக இருந்தால் முதல் நாளே ஸ்கரப்பை முடித்துவிட வேண்டும். முடி நீக்கிய பிறகு இரண்டு நாள் ஓய்வு.

அளவு மீறியதை வெளுத்த தோலில் சிவப்பு காட்டிக்கொடுக்கும். மாநிறத்திலும் கருப்பிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அதனால் வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும்: வழக்கமான சோப்பே எரிகிறதா, மாய்ஸ்சரைசர் சுருக்கென்று குத்துகிறதா, தோல் பிளாஸ்டிக் தாள்போல மினுங்கி இழுக்கிறதா? ஒன்று இருந்தாலும் நான்கு வாரம் எல்லாத் தேய்ப்பையும் நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் கலக்கும் ஸ்கரப்பில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை. தண்ணீரோ தயிரோ சேர்த்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுவாரம் எடுக்கக் கூடாது. உலர் மாவைக் குளியலறைக்கு வெளியே வைத்து, தேவையானதை மட்டும் உலர்ந்த கரண்டியால் எடுத்துச் செல்ல வேண்டும்.

நாரும் நைலானும்

கொடியிலேயே முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் நார், தேங்காய் நாரைவிட மிருதுவானது. ஊறினால் இன்னும் மிருதுவாகும். அதன் குறை உரசலில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. நார்ச் சந்துகளில் சிக்கும் செதில்களைத் தின்று கிருமிகள் வளரும். சூடோமோனஸ் உள்ளிட்ட பாக்டீரியாக்கள் அதில் செழிப்பாக வளர்வதை நியூயார்க் ஆய்வாளர்கள் 1994-இல் காட்டினார்கள். குளியலறைக் கொக்கியில் தொங்கவிடாமல் வெயிலில் காயவைத்து, மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். ஒருவர் நாரை இன்னொருவர் எடுக்கக் கூடாது.

நைலான் நாரும் சொரசொரப்பான டவலும் வேறு வகைச் சிக்கல். ஆண்டுக்கணக்கில் தினமும் அழுத்தித் தேய்ப்பவர்களுக்குக் காறையெலும்பு, தோள்பட்டை, முதுகெலும்பு, முழங்காலுக்குக் கீழே என எலும்பு மேலே தெரியும் இடங்களில் பழுப்புக் கருமை படரும். ஜப்பானிலும் இந்தியாவிலும் தோல் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உராய்வுக் கருமை என்று பெயர். இதில் கொடுமை என்னவென்றால், கருமையை அழுக்கென்று எண்ணி இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். அது இன்னும் கறுக்கும். நாரைத் தூர எறிந்துவிட்டுக் கையால் மட்டும் சோப்புப் போடுவதே இதற்கு முதல் சிகிச்சை. மங்குவதற்குப் பல மாதங்கள் ஆகும்.

ஸ்கரப் போகக் கூடாத இடங்கள்

பிறந்த குழந்தையின் மேல் மாவுருண்டை உருட்டிப் பூனைமுடி எடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்த முடி சில வாரங்களில் தானே உதிரும். பிறப்பின்போது தோலில் இருக்கும் வெண்ணெய் போன்ற படலமும் காப்புக்கானதே. முதல் குளியலையே 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அப்படியிருக்க மாவுக்கும் தேய்ப்புக்கும் அங்கே இடமில்லை.

சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு உரசிய இடத்தில் புதிய திட்டு முளைக்கலாம். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் கோப்னர் கவனித்துச் சொன்னதால் அவர் பெயரிலேயே இது வழங்குகிறது. எக்சிமா, வெயில் சுட்ட தோல், வேர்க்குரு, திறந்த காயம், மரு ஆகியவற்றின் மேலும் ஸ்கரப் கூடாது. மருவின் வைரஸ் உரசலில் பக்கத்துத் தோலுக்குத் தாவும். பருவுக்கு ரெட்டினாய்டு கிரீமோ ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையோ எடுப்பவர்களின் தோல் ஏற்கெனவே மெலிந்து உரியும் நிலையில் இருக்கும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தேய்க்கக் கூடாது. தேமல், தோலில் இயல்பாக வாழும் மலாசீசியா என்ற பூஞ்சை மிகுவதால் வருவது. தேய்த்தால் செதில் உதிரும், பூஞ்சை இருக்கும்.

கழுத்தின் பின்புறமும் அக்குளிலும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுப்பது அகான்தோசிஸ் நிக்ரிகன்ஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பலர் இதற்காக ‘கழுத்தைத் தேய்த்துக் குளி’ என்று திட்டு வாங்குகிறார்கள். பெரும்பாலும் இது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் வெளி அடையாளம். உடல் எடை கூடியவர்களிடமும் சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களிடமும் அதிகம் காணப்படுவது. புது ஸ்கரப் வாங்கும் முன் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவையும் மூன்று மாதச் சராசரியையும் பரிசோதித்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எடையும் இன்சுலினும் சீராகும்போது அந்தக் கருமை, எதுவும் தேய்க்காமலே, மெல்ல மங்கத் தொடங்கும்.